தன் பக்கத்தை யார் தட்டிக்கேட்பது?

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே திராவிடர் கழகம் நிறுவிய பெரியார் சிலையின் தலை, 2006 டிசம்பர் 7 அன்று, திறப்பு விழாவுக்கு முன்பே உடைக்கப்பட்டது. இந்து மக்கள் கட்சியைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். அடுத்த சில நாட்களில், அந்தச் செயலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஊர்களில் சாமி சிலைகள் தாக்கப்பட்டன. அதே மாதத்தில் பெரியார் சிலை மறுபடியும் நிறுத்தப்பட்டுத் திறந்துவைக்கப்பட்டது. அதன் பிறகு எத்தனையோ வைகுண்ட ஏகாதசிகள் வந்து போய்விட்டன. கோபுரமும் இருக்கிறது, சிலையும் இருக்கிறது. இதைக் காட்டி, தமிழ்நாட்டில் மதவெறி எடுபடாது என்று மார்தட்டிக்கொள்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை ஆபத்தானது. மண்டைக்காடும் கோவையும் திருச்செங்கோடும் இதே தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. வலதுசாரித் தீவிரவாதம் ஒரு ஜனநாயகத்தில் வளர்வதும் அடங்குவதும் அதன் எதிரிகள் எவ்வளவு உரக்கக் கண்டிக்கிறார்கள் என்பதைப் பெரிதாகச் சார்ந்திருக்கவில்லை. அதே சாமியைக் கும்பிடுகிற, அதே கட்சிக்கு ஓட்டுப் போடுகிற, அதே சாதியில் பிறந்த, ஆனால் வன்முறையை ஏற்காத பெரும்பான்மை என்ன செய்கிறது என்பதில்தான் அது இருக்கிறது. அந்தப் பெரும்பான்மை வாய் திறந்த இடங்களில் தீவிரவாதம் சுருங்கியிருக்கிறது. அது மௌனம் காத்த இடங்களில் காவல்துறையும் நீதிமன்றமும் தனியாக நின்று திணறியிருக்கின்றன.

எதைத் தீவிரவாதம் என்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கோயிலுக்குப் போவது, மரபைப் போற்றுவது, பசுவை வணங்குவது, மதமாற்றத்தை எதிர்த்துப் பேசுவது எதுவும் தீவிரவாதம் ஆகாது. 2023 நவம்பரில் அன்றைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை ஸ்ரீரங்கத்திலேயே பேசும்போது, தங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தால் கோயில்களுக்கு வெளியே உள்ள கடவுள் மறுப்புச் சிலைகளை அகற்றுவோம் என்றார். அந்தக் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. ஆனாலும் ஓட்டுக் கேட்டு, ஆட்சிக்கு வந்து, சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உட்பட்டு ஒன்றைச் செய்வேன் என்று சொல்வது அரசியல். இரவில் உளியோடு வருவது குற்றம். இரண்டுக்கும் நடுவில், உடைக்கப்படும் நாளே இந்துக்களின் எழுச்சி நாள் என்று மேடையில் பேசி மற்றவர் கையில் உளியைக் கொடுப்பது என்று ஒன்றும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் சண்டைப் பயிற்சியாளர் கனல் கண்ணன் இதே ஸ்ரீரங்கம் சிலையைப் பற்றி அப்படிப் பேசியதற்காகக் கைதானார். இந்த மூன்றையும் ஒரே பெயரில் அழைப்பவர்கள் தீவிரவாதிகளுக்குத்தான் உதவி செய்கிறார்கள். முதல் வகையைச் சேர்ந்த லட்சக்கணக்கானவர்களைக் கடைசி வகையைச் சேர்ந்த சில பேரின் பக்கம் தள்ளிவிடும் காரியம் அது.

2018 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். திரிபுராவில் லெனின் சிலை அகற்றப்பட்டதும், இன்று லெனின், நாளை பெரியார் என்ற பொருளில் பாஜகவின் தேசியச் செயலாளராக இருந்த எச். ராஜாவின் முகநூல் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. அன்றிரவே திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டது. பிடிபட்டவர்களில் ஒருவர் பாஜக பொறுப்பாளர்; கட்சி அவரை உடனே நீக்கியது. சிலை உடைப்பில் ஈடுபடும் கட்சிக்காரர்கள் மீது கடும் நடவடிக்கை இருக்கும் என்று அன்றைய தேசியத் தலைவர் அமித் ஷா அறிவித்தார். அந்த அறிவிப்பை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. தமிழ்நாட்டின் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து விட்ட கண்டனத்தைவிட அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அடிமட்டத் தொண்டனிடம் அதிக மதிப்பு இருந்திருக்கும். ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டப்பட்டது. பதிவைப் பக்க நிர்வாகி தன் அனுமதி இல்லாமல் போட்டார் என்று சொல்லி வருத்தம் தெரிவித்த ராஜா, தேசியப் பொறுப்பில் தொடர்ந்தார். சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது 2024 டிசம்பரில். மேல்முறையீட்டுக்காக அந்தத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. கல்லெறிந்தவன் கட்சியை விட்டுப் போக வேண்டும், பேசியவர் பதவியில் இருக்கலாம் என்றால், அடுத்து கல்லெடுக்க நினைப்பவன் எதைக் கற்றுக்கொள்வான்?

கட்சிகளும் மத நிறுவனங்களும் தங்கள் வீட்டுக்குள் போடும் தடுப்புக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு 1937-இல் பெல்ஜியம் தந்த சான்று மிகத் தெளிவானது. லியோன் டெக்ரெல் கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தின் பதிப்பகத்திலிருந்து கிளம்பியவர். அவருடைய ரெக்ஸ் கட்சி 1936 தேர்தலில் 21 இடங்களைப் பிடித்தது. ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு ஆதர்சம். அடுத்த ஆண்டு பிரசெல்ஸ் இடைத்தேர்தலில் அவரே நின்றபோது, கத்தோலிக்கக் கட்சி தன் பரம எதிரிகளான சோஷலிஸ்டுகளோடும் லிபரல்களோடும் சேர்ந்து பிரதமர் வான் சீலாந்தைப் பொது வேட்பாளராக ஏற்றது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கர்தினால் வான் ரோய் வெளிப்படையாகப் பேசினார். ரெக்ஸ் நாட்டுக்கும் திருச்சபைக்கும் ஆபத்து, வாக்களிக்காமல் ஒதுங்குவதும் தவறுதான் என்றார். டெக்ரெலுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூட வரவில்லை. 1939 பொதுத்தேர்தலில் அவருடைய கட்சி நான்கு இடங்களில் ஒடுங்கியது. பிரசெல்ஸ் இடைத்தேர்தலுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு ஜெர்மனியில் நேர்மாறாக நடந்திருந்தது. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளின் வாக்கு குறைந்து 33 சதவீதத்துக்கு வந்திருந்த நேரத்தில், ஃபான் பாப்பன், ஹூகன்பெர்க் போன்ற பழமைவாதத் தலைவர்கள், அவரை நாம் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி ஹிட்லரை ஆட்சியில் அமர்த்தினார்கள். தெருவில் இருந்த தீவிரவாதிக்கு நாற்காலி போட்டவர்கள் கண்ணியமான வலதுசாரிகள். அந்த நினைவு இருப்பதால்தான், 2025 தேர்தலில் 20.8 சதவீதம் வாக்கு வாங்கிய தீவிர வலதுசாரி ஏஎஃப்டி கட்சியோடு கூட்டணி கிடையாது என்ற விதியை ஜெர்மனியின் பழமைவாதக் கட்சி இன்றும் வைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் அதன் தலைவர் மெர்ஸ் ஏஎஃப்டி வாக்குகளின் துணையோடு நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியபோது, லட்சக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கியதற்கும் அதே நினைவுதான் காரணம்.

இப்படித் தன் பக்கத்தைத் தட்டிக்கேட்பவர்கள் மீதுதான் தீவிரவாதிகளுக்குத் தீராத ஆத்திரம். 2019 ஜூனில் ஜெர்மனியில் நவநாஜி ஒருவன் வீட்டு முற்றத்தில் வைத்துச் சுட்டுக்கொன்ற வால்டர் லுப்கே இடதுசாரி கிடையாது. பழமைவாதக் கட்சிக்காரர், அகதிகளை ஏற்பது கிறித்தவ விழுமியம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னவர். தார்வாடில் 2015-இல் சுட்டுக்கொல்லப்பட்ட எம். எம். கலபுர்கி, லிங்காயத்து மரபின் வசனங்களிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர். எல்லாவற்றுக்கும் மேலாக, ராம நாமத்தைத் தன் மூச்சாக வைத்திருந்த காந்தி. முஸ்லிம்களை வெறுப்பதற்கு இந்து மதத்தில் இடமில்லை என்று ஒரு நாத்திகர் சொன்னால் புறந்தள்ளிவிடலாம். காந்தி சொன்னால் அப்படித் தள்ள முடியாது. கோட்சேக்கள் அவரைப் பொறுக்க முடியாமல் போனது அதனால்தான்.

நம்மிடமும் இந்த மரபு வலுவாக இருந்தது. 1982 மார்ச்சில் மண்டைக்காடு பகவதி அம்மன் கொடை விழாவின்போது வெடித்த மோதலில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் போயின. இந்து–கிறித்தவ வன்முறை குமரி மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களுக்குப் பரவியது. அப்போது அங்கே போய் இரண்டு பக்கத்தாரிடமும் நடந்து நடந்து பேசியவர் குன்றக்குடி அடிகளார். சைவ ஆதீனம் ஒன்றின் தலைவர், நெற்றி நிறையத் திருநீறு, காவி உடை. அவரைப் பார்த்து மதத்தின் எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. மீனவர் குடிசைக்குள் அவர் நுழைந்தபோது சட்டத்தால் கொடுக்க முடியாத ஒரு நம்பிக்கை அங்கே கிடைத்தது. பிறகு இந்து, கிறித்தவ, முஸ்லிம் மதத்தாரை ஒன்றாக உட்காரவைக்கத் திருவருட் பேரவையைக் கட்டினார். இதே அடிகளார்தான் பெரியாரின் பிரச்சாரத்தை எதிர்த்து நின்று, பிறகு அவருடைய நண்பரானவர். குன்றக்குடிக்கு வந்த பெரியார் அவர் அளித்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டதும் ஊரறிந்த செய்தி. இருவரும் தங்கள் கொள்கையில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எதிராளி இருக்கும் உரிமையில் கைவைக்க மாட்டோம் என்ற இடத்தில் இருவரும் சேர்ந்தே நின்றார்கள். இன்று ஸ்ரீரங்கம் சிலையைப் பற்றி ஒரு கொதிப்பான பேச்சு எழும்போது நாம் கேட்பது கட்சிகளின் பதில் அறிக்கைகளை மட்டும்தான். மடங்களிலிருந்து, ஆசாரியர்களிடமிருந்து, கோயிலை உயிராக நேசிக்கிற பெரியவர்களிடமிருந்து எழ வேண்டிய குரல் எங்கே?

இங்கே ஒரு மறுப்பு வரும், அதில் நியாயமும் உண்டு. கடவுளை வணங்குகிறவனைக் காட்டுமிராண்டி என்று கல்லில் பொறித்துக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு, பக்தன்தான் பொறுக்க வேண்டும் என்பது என்ன நீதி என்று கேட்கிறார்கள். அந்த வாசகம் பக்தனைப் புண்படுத்துகிறது என்பது உண்மை; புண்படவில்லை என்று சாதிப்பது நேர்மை ஆகாது. ஆனால் அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிற்று. பெரியார் சிலைகளின் கீழுள்ள வாசகங்களை நீக்கக் கோரிய மனுவை 2019 செப்டம்பரில் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், கடவுளைப் பற்றிய தன் கருத்தைச் சொல்ல மனுதாரருக்கு உள்ள உரிமை அதை மறுப்பவருக்கும் உண்டு என்றது. அதன் மறுபாதியைப் பெரியாரியர்களும் ஏற்க வேண்டும். சிலையின் வாசகத்தை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுப்பவனும், கூட்டம் போடுபவனும், இறை மறுப்பு அறியாமை என்று தன் வீட்டுச் சுவரில் எழுதிவைப்பவனும் அதே உரிமையைத்தான் பயன்படுத்துகிறான். புண்பட்டவனுக்கு இத்தனை வழிகளும் திறந்திருக்கும்போது, உடைப்பதை வேறு வழியற்றவனின் செயலாகக் காட்ட முடியாது.

பழிவாங்குதலைப் பற்றி இன்னும் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. காந்தி கொலைக்குப் பிறகு மராட்டியத்தில், கொன்றவன் பிறந்த சாதி என்ற ஒரே காரணத்துக்காகப் பார்ப்பனக் குடும்பங்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. தமிழ்நாட்டில் பார்ப்பன எதிர்ப்பு இயக்கம் உச்சத்தில் இருந்த காலம் அது. இங்கே அப்படி நடக்கவில்லை. பெரியார் தன் தோழர்களை அமைதி காக்கச் சொன்னார், நாட்டுக்குக் காந்தி தேசம் என்று பெயர் வைக்கலாம் என்றார். அந்தப் பெரியாரின் பெயரைச் சொல்லிக்கொண்டு 2018-இல் சென்னைத் தெருவில் போன முதியவர்களின் பூணூலை அறுத்தவர்களும், கோவையில் பாஜக அலுவலகத்தின் மீது பெட்ரோல் குண்டு வீசியவர்களும் அவருக்கு இழைத்த அவமானம், திருப்பத்தூரில் சிலையைச் சேதப்படுத்தியவர்கள் இழைத்ததைவிடச் சிறியதில்லை. அறுக்கப்பட்ட ஒவ்வொரு பூணூலும், நாங்கள் தற்காப்புக்காகத்தான் திரள்கிறோம் என்று சொல்ல ஒரு இந்துத்துவ அமைப்பாளருக்குக் காரணம் கொடுக்கிறது. இதே அளவுகோலை எல்லோருக்கும் வைக்கிறேன். 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் என்ற கடவுள் மறுப்பாளர் கொல்லப்பட்டது முஸ்லிம் தீவிரவாதிகளின் கையால். 1998 பிப்ரவரியில் அதே நகரில் 58 உயிர்களைக் குடித்த குண்டுவெடிப்பு, அதற்கு முந்தைய நவம்பரில் முஸ்லிம்கள் மீது நடந்த கொலைவெறித் தாக்குதலுக்குப் பழி என்று சொல்லப்பட்டது. அந்த நவம்பர் தாக்குதலோ, காவலர் செல்வராஜின் கொலைக்குப் பழி என்று சொல்லப்பட்டது. கோவை அந்தச் சங்கிலிக்குக் கொடுத்த விலை தலைமுறைக் கணக்கானது.

அரசு என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். திருச்சி மாவட்டத்தின் வையம்பட்டி, மணப்பாறை போன்ற ஊர்களில் கோயில் திருவிழாவோ ஊர்வலமோ பிரச்சினையானால் நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை, இரு தரப்பின் கையெழுத்து, தேவைப்பட்டால் தடை உத்தரவு, பந்தோபஸ்து. பொதுப் பாதை எது, ஊர்வலம் எந்த நேரம் என்பது போன்ற தகராறுகளுக்கு இது நல்ல வழி. ஆனால் ஒரு தரப்பு மிரட்டும்போது, மிரட்டப்பட்டவரையும் மிரட்டியவரையும் சமமாக உட்காரவைத்துக் கையெழுத்து வாங்குவது மிரட்டலுக்கு அரசு முத்திரை குத்தித் தருவதாகும். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதுதான் நடந்தது. 'மாதொருபாகன்' நாவலுக்காகச் சாதி அமைப்புகளும் இந்துத்துவ அமைப்புகளும் திருச்செங்கோட்டைக் கடையடைப்பில் நிறுத்தியிருந்த நேரத்தில், அதை எழுதிய பெருமாள்முருகன் அதிகாரிகள் முன்னிலையில் நிபந்தனையற்ற மன்னிப்புக்கு இசைந்து கையெழுத்திட்டார். தனக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை வரை ஆயிற்று. அந்த ஜனவரி முடிந்து ஐந்து மாதத்தில், அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்; ஆதிக்க சாதிப் பெண் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்ததைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊரின் மானத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் மிரட்டினால் நிர்வாகம் பணியும் என்ற பாடம் முதலில் கற்பிக்கப்பட்டது என்பதை மறைக்க முடியாது. தமிழ்நாட்டில் வலதுசாரித் தீவிரவாதம் மதக்கொடியோடு மட்டும் வருவதில்லை. சாதிச் சங்கத்தின் கொடியோடு அதைவிட அடிக்கடி வருகிறது; அதைச் சாதிப் பிரச்சினை என்று வேறு கணக்கில் எழுதுவதால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

அப்படியானால் தடை போடு, குண்டர் சட்டத்தில் உள்ளே தள்ளு என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆர்எஸ்எஸ் 1948, 1975, 1992 என மூன்று முறை தடை செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் தடை நீங்கிப் பெரிதாகத்தான் வெளியே வந்தது. ஆயுதம் சேர்க்கும் குழுவைத் தடை செய்வது வேறு. கருத்தைத் தடை செய்தால் அது தலைமறைவாகும், தியாகி வேடமும் போடும். விசாரணை இல்லாமல் ஓராண்டு அடைத்துவைக்கும் தடுப்புக் காவலுக்கும் இதே குறை உண்டு. குற்றத்தை நிரூபிக்கும் உழைப்பிலிருந்து காவல்துறையை அது விடுவித்துவிடுகிறது. நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்றவன் சாதாரணச் சட்டத்தின்படியே விசாரிக்கப்பட்டான். சாதாரண நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது, பதின்மூன்று மாதத்தில். புனேயில் 2013 ஆகஸ்டில் நரேந்திர தாபோல்கரைச் சுட்டவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 மே ஆயிற்று, அதிலும் சதித் திட்டத்தில் பங்கு என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். வேகமும் திறமையும் உள்ள சாதாரணச் சட்டத்துக்கு மாற்றாகக் கடுமையான சட்டம் வர முடியாது. காவல்துறையின் பார்வையும் நேராக இருக்க வேண்டும். ஜெர்மனியில் என்எஸ்யு என்ற நவநாஜிக் கும்பல் 2000 முதல் பத்துப் பேரைக் கொன்றபோது, போலீசார் ஆண்டுக்கணக்கில் சந்தேகப்பட்டது கொல்லப்பட்ட துருக்கியர்களின் குடும்பங்களையே. 2011-இல் கும்பல் தானாக அம்பலமாகும்வரை அந்தப் பிழை தொடர்ந்தது.

வெறுப்புப் பேச்சு மீது யாரும் புகார் கொடுக்காவிட்டாலும், பேசியவர் எந்த மதத்தவரானாலும், காவல்துறை தாமாக வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மூன்று அரசுகளுக்குச் சொன்னது. 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் அதை விரிவாக்கியது. திருச்சி மாவட்டத்தில் அந்த உத்தரவின்படி எத்தனை வழக்குகள் பதிவாயின, எத்தனையில் குற்றப்பத்திரிகை தாக்கலானது, எத்தனை முடிந்தன என்ற கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும். கட்சிப் பெயரையும் மதத்தையும் மறைக்காமல் வெளியிடட்டும். அமைதிப் பேச்சுவார்த்தைக்கு முன்பு, மிரட்டல் நடந்ததா என்பதைக் கோட்டாட்சியர் எழுத்தில் பதிவு செய்யட்டும். நடந்திருந்தால் அது பேச்சுவார்த்தைக்கு உரியதில்லை, வழக்குக்கு உரியது. இவை அரசு செய்ய வேண்டியவை. பாஜகவும் இந்து அமைப்புகளும் சாதிச் சங்கங்களும் தங்கள் விதிகளில் ஒன்றே ஒன்றைச் சேர்த்தால் போதும். கையால் உடைத்தவருக்கு என்ன தண்டனையோ அதுவே மேடையில் தூண்டியவருக்கும், அவர் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தாலும். 2018 மார்ச்சில் திருப்பத்தூர் பொறுப்பாளரை நீக்க பாஜகவுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.